காட்டுப்பாக்கம் நிறுத்தத்தில் பதின்மூன்று விநாடி

வெள்ளிக்கிழமைக்குள் சொந்தமாக ஒரு தலைப்பு அமையாவிட்டால் தாட்சாயிணிக்குக் கட்டைவிரல்தான் என்று வழிகாட்டி ரேவதி மேடம் சொல்லிவிட்டார்.

கட்டைவிரல் என்பது, செல்போனை அதிகம் பார்க்கும் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைவிரல் வலி வருகிறதா என்ற ஆய்வு. இருநூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அவர்கள் அதை வலிக்கிற கட்டைவிரலாலேயே நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். தலைப்பு கிடைக்காத யாராவது ஒருவர் தலையில் வருஷாவருஷம் அது விழும். போன வருஷம் மாட்டிய சீனியர் இன்னமும் கேன்டீனில் யாராவது போனை எடுத்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி கடைசி வருஷத்தில் முப்பத்தொரு பேர். மற்றவர்கள் ஐந்தாறு பேராகக் கூடி ஆய்வு செய்வார்கள். மதிப்பெண்ணில் முதல் நான்கு பேருக்கு மட்டும் ஹானர்ஸ் ஆய்வு என்று தனியாக ஒன்று உண்டு. நான்காவது இடத்தைத் தாட்சாயிணி அரை மதிப்பெண்ணில் பிடித்திருந்தாள். மற்ற மூவரும் தலைப்புக்கு ஒப்புதல் வாங்கி ஒரு மாதமாகிறது. இவள் இதுவரை மூன்று தலைப்புகள் கொண்டுபோய்விட்டாள். முதலாவது ரொம்பப் பெரிசு. இரண்டாவதை ஏற்கெனவே யாரோ செய்துவிட்டார்கள். மூன்றாவதைக் கேட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பு முழுக்கத் தெரியும்.

அவள் வீடு குத்தம்பாக்கத்தில். புதுப் பேருந்து நிலையம் எப்போது திறக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டில் மட்டும் தாட்சாயிணி என்ன படிக்கிறாள் என்ற பேச்சு நாலு வருஷமாக ஓயவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அப்பா நடேசன், "பொண்ணு ஓ.டி. படிக்குது" என்று ஷிப்டில் சொல்லி, "இன்னாத்துக்கு நைனா, நாம ஷிப்டுக்கு மேல பாக்குற ஓ.டி. பத்தாதா" என்று பதில் வாங்கி வருவார். அம்மா கன்னியம்மாளுக்கு அந்தக் குழப்பம் இல்லை. இரண்டாம் வருஷம் தாட்சாயிணி ஒரு பலகையில் ஆணி அடித்து, ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கள் வெங்காயம் நறுக்குவதற்கென்று ஒரு சாமான் செய்தாள். ஆணியில் வெங்காயத்தைக் குத்தி வைத்தால் உருளாது. மதிப்பெண் போட்ட பிறகு அது வீட்டுக்கு வந்தது. அன்று முதல் கன்னியம்மாள் இரண்டு கையாலும் அதில்தான் நறுக்குகிறாள், திருப்பித் தருவதாக இல்லை. கேட்பவர்களிடம், "முடியாதவங்களுக்கு முடியிற மாதிரி செஞ்சு குடுக்குற படிப்பு" என்பாள். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம் இதையே பதினெட்டுப் பக்கத்தில் சொல்லியிருந்தது.

திங்கட்கிழமை காலை பயிற்சிக் கூடத்தில் கமலம் காரில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அது முழுக் கார் இல்லை. யாரோ தானமாகக் கொடுத்த பழைய கார் ஒன்றின் முன்சீட்டையும் ஒரு கதவையும் மட்டும் வெட்டியெடுத்து மரப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரில் ஏறி இறங்கப் பழக்குவதற்கு அதுதான் சாதனம். கமலத்துக்கு நாற்பத்தொன்பது வயது. காட்டுப்பாக்கத்தில் ரவிக்கை தைக்கிறவள். பத்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் இடது கையும் இடது காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. கால் பாதி திரும்பிவிட்டது. கை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

கைத்தடியைக் கதவோரம் சாய்த்தாள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினாள். தாட்சாயிணி விநாடிக் கடிகாரத்தை நிறுத்திப் பார்த்தாள். பதினொன்று.

"முடிஞ்சுதா? கார்ல ஏறிட்டனா?" என்றாள் கமலம்.

"சூப்பரா ஏறிட்டீங்கம்மா. ஃபுல் மார்க்."

"சரி. காரு எங்க கீது?"

நேரத்தைக் குறிக்கப் போன தாட்சாயிணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல கண்ணு, தெரியாமத்தான் கேக்குறேன். எங்க தெருவுல ஒரே ஒரு ஊட்லதான் காரு கீது. ஃபிளாட்டுக்குப் புதுசா வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரு. கண்ணாடி கறுப்பா இருக்கும், உள்ள இருக்குறது அவுருதானான்னுகூட எனக்குத் தெரியாது. அவுரு கார்ல ஏர்றதுக்கா பத்து நாளா என்னப் பழக்குற?"

பக்கத்து நாற்காலியில் குனியாமல் நீளக் குச்சியால் செருப்பு மாட்டப் பழகிக்கொண்டிருந்த பெரியவர் பச்சையப்பன் சத்தமில்லாமல் சிரித்தார். அவருக்கு இடுப்பில் அறுவை முடிந்து நாலு மாதம்.

"அப்ப நீங்க இங்க எப்படி வர்றீங்கம்மா?"

"எம் புள்ள கிஷோரு பர்மிசன் போட்டுட்டு பைக்குல கூட்டியார்றான். அவன் மேனேஜர் முறைச்சான்னா அன்னிக்கு நான் வரமாட்டேன். போன வாரம் ரெண்டு நாளு வரல பாத்தியா, அந்த ரெண்டு நாளும் அவுரு முறைச்ச நாளு."

"ஷேர் ஆட்டோல வரலாமே. காட்டுப்பாக்கத்துலேருந்து நேரா வருதே."

"ஏத்துனாத்தான? மூணு வாட்டி போய் நின்னேன். மொத வாட்டி ஒரு காலை வக்கிறதுக்குள்ள வண்டி நவுந்துடுச்சு. ரெண்டாவது வாட்டி என் குச்சி ரோட்டுல நிக்குது, வண்டி போவுது. மூணாவது வாட்டி ஏறவே இல்ல, பாத்துட்டுத் திரும்பிட்டேன்." கமலம் சீட்டில் சாய்ந்துகொண்டாள். "இங்க நல்லா கீது. நவுரமாட்டேங்குது."

அன்றைக்கு மற்ற வேலை எதுவும் தாட்சாயிணிக்கு ஓடவில்லை. கூடத்தில் வந்து போகிற ஒவ்வொருவரிடமும், "வீட்டுலேருந்து எதுல வந்தீங்க?" என்று கேட்டாள். இருபத்திரண்டு பேரில் காரில் வந்தவர் ஒருவர். அவரும் மருத்துவரின் மாமனார்.

சாயங்காலம் ரேவதி மேடத்தின் அறை வாசலில் போய் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேடத்தின் கை கண்ணாடிப் பக்கம் போனது. கை பாதி வழியில் திரும்பி வந்தது.

"ஷேர் ஆட்டோல ஏர்றது கஷ்டம்னு உனக்கு யார் சொன்னது?"

"கமலம்மா, மேடம்."

"அவங்க சொல்வாங்க. நீ அளந்தியா?"

"இல்ல மேடம்."

"படி எவ்வளவு உயரம், ஏற எவ்வளவு நேரம், எங்க தடுமாறுறாங்க. மூணு பேர வச்சாவது பாத்துட்டு வா. சம்மதப் படிவத்துல கையெழுத்து வாங்கிக்கோ. நம்பர் இல்லாம வெள்ளிக்கிழமை ஒப்புதல் போர்டு முன்னாடி வந்து நின்னேன்னு வை, கோதண்டம் சார் உன்ன உரிச்சுடுவாரு. அப்புறம் நானே உனக்குக் கட்டைவிரலை எழுதிக் குடுக்க வேண்டியதா போயிடும்."

கோதண்டம் சார் புள்ளியியல் எடுப்பவர். யாரையும் திட்டமாட்டார். "எத்தனை பேர்? எப்படித் தெரியும்?" என்று இரண்டே கேள்விதான் கேட்பார். அதிலேயே ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை தாட்சாயிணி காட்டுப்பாக்கம் நிறுத்தத்துக்குப் போனாள். ஆய்வு என்றால் ஆய்வாளர் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளிப் வைத்த அட்டை, இன்னொரு கையில் அளக்கும் டேப் என்று போனாள். அவள் செய்த பெரிய தப்பு அதுதான்.

போரூர்ப் பக்கமிருந்து பூந்தமல்லிக்குப் போகிற ஷேர் வண்டிகள் மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் நின்று ஆள் ஏற்றிப் போகும். அவள் போய் நின்ற பிறகு வந்த முதல் வண்டி வேகம் குறைத்து, அவளைப் பார்த்து, வேகம் எடுத்துப் போனது. அடுத்ததும் அப்படியே. நிழலில் ஓய்வாக நின்றிருந்த நாலு வண்டிகளும் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின. ஒரு வண்டி ஐம்பதடி முன்னாலேயே நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இறங்கினார்கள். காலி சீட்டோடு வண்டி அவளைக் கடந்து போக, அந்த இரண்டு பேரும் ஒன்றும் அறியாதவர்கள் மாதிரி அவள் முன்னால் நடந்து போய், அடுத்த முனையில் மறுபடி அதே வண்டியில் ஏறிக்கொண்டார்கள். தாட்சாயிணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். அரை மணி நேரத்தில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. நிறுத்தத்தில் இருந்த சனம் முழுக்க அவளை முறைத்தது.

கடைசியில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, சட்டைப் பையில் நேரம் குறிக்கிற சின்ன நோட்டு. இருபது வருஷம் வண்டி ஓட்டிவிட்டு இப்போது வண்டிகளுக்கு நேரம் பார்த்து அனுப்புகிற லோகநாதன்.

"எந்த ஆபீஸ்மா? ஆர்.டி.ஓ.வா?"

"இல்லீங்கண்ணா, காலேஜ்."

"காலேஜுக்கு இன்னாத்துக்குமா டேப்பு?"

"படி எவ்ளோ உயரம்னு அளக்கணும். பக்கவாதம் வந்தவங்க ஏறக் கஷ்டப்படுறாங்க. அதப் பத்தி எழுதுறேன்."

லோகநாதன் அவள் அடையாள அட்டையை எட்டிப் படித்தார். பிறகு சாலையைப் பார்த்தார். போன வண்டிகள் போன திசையில் தூசிதான் இருந்தது.

"உன் கோட்டைப் பாத்து பசங்க குமணன்சாவடி வரைக்கும் போன் போட்டுட்டானுங்கமா. செக்கிங் செக்கிங்னு. அரை நாளு ஓட்டம் போச்சு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி உடு. எத்தினி வண்டி ஓணும், எத்தினி மணிக்கு ஓணும்? நம்ம ஊருப் பொண்ணு பாஸாவணும். நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். அதுதான் வம்பாகப் போயிற்று.

புதன்கிழமை பத்து மணிக்குக் கமலமும் பச்சையப்பனும், இரண்டு மூட்டும் மாற்றிய வேம்புலியம்மாளும் நிறுத்தத்துக்கு வந்தபோது மூன்று வண்டிகள் துடைத்து வைத்த மாதிரி வரிசையில் நின்றன. ஒன்றில் ஊதுபத்திகூட ஏற்றியிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. தாட்சாயிணி உட்கார்ந்து அளந்தாள். படி தரையிலிருந்து முப்பத்தெட்டு சென்டிமீட்டர். பயிற்சிக் கூடத்துக் காரில் படியே கிடையாது. கடிகாரத்தை எடுத்தாள்.

"டேய் மோகனு, நீ இன்னாடா உள்ளயே குந்திகினு கீற? எறங்கி அம்மா கையப் புடி" என்றார் லோகநாதன்.

"தலைவரே, எங்க மாமியாரு ஏர்றப்பகூட நான் எறங்குனதில்ல."

"அதான் அந்தம்மா உன் வண்டிய உட்டுட்டு பஸ்ல போவுது. எறங்குடா."

மோகன் இறங்கி வந்து கமலத்தின் முழங்கையைத் தாங்கினான். கமலம் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இன்னா நைனா, என் குச்சிய ரோட்டுல உட்டுட்டு வண்டிய எடுத்துகினு போன ஆளுதான நீ?"

"ஐயோ, அது நான் இல்லமா. அது வேற வண்டி."

"வண்டி வேறதான். மூஞ்சி இதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மோகனும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தான். கமலம் நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். அவள் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, "ரைட்" என்று சொன்ன பிறகுதான் அவன் தன் இடத்துக்குப் போனான். இருபத்தொரு விநாடி. பச்சையப்பன் பத்தொன்பது. வேம்புலியம்மாள் இருபத்து மூன்று, அதில் நாலு விநாடி ஊதுபத்தி யார் வைத்தது என்று கேட்டதில் போனது. தடுமாற்றம் என்ற கட்டத்தில் மூன்று பேருக்கும் ஒரே பதில்: இல்லை.

தாட்சாயிணி மெட்ரோ தூணின் அடிமேடையில் உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். படி உயரம்தான், ஆனால் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கஷ்டமே இல்லை என்று அவள் கைப்பட எழுதியிருந்தது. கஷ்டமில்லாத ஒன்றை யார் ஆய்வு செய்ய விடுவார்கள்? இருநூறு கட்டைவிரல்கள் அவளை நோக்கி நடந்து வருவது போலிருந்தது.

ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பிய கமலம் அதே வண்டியிலிருந்து இறங்கி அவளிடம் வந்தாள். பத்து மாதத்தில் முதல்முறையாக ஷேர் வண்டியில் குமணன்சாவடி வரை போய் வந்த பூரிப்பு முகம் முழுக்க இருந்தது.

"ஏன் கண்ணு, மூஞ்சி ஏன் இப்டி கீது? நான் நல்லாத்தான ஏறுனேன்?"

"நல்லா ஏறிட்டீங்கம்மா. அதான் பிரச்சினை."

கமலம் கைத்தடியைத் தூணில் சாய்த்தாள். பிறகு பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "அட, இதுக்கா? நீ கடியாரத்த வச்சுகினு நிக்கிற. தலைவரு நிக்கிறாரு. அதனால அவன் நிக்கிறான். நாளைக்கு நான் ஒண்டியா வர்றப்ப இதே வண்டி போற போக்கப் பாரு."

தாட்சாயிணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். இருபத்தொன்று என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். இந்தக் கால் ஏறிவிடும். இந்தப் படி ஏறக்கூடிய படிதான். அப்படியென்றால் கமலத்தைத் திருப்பி அனுப்பியது காலும் இல்லை, படியும் இல்லை.

"இன்னா கண்ணு, எழுந்துட்ட?"

"ஒண்ணு அளக்க மறந்துட்டேன்மா."

வியாழக்கிழமை வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சாதாரண சுடிதாரில், கோட்டு இல்லாமல், அட்டை இல்லாமல், டீக்கடையின் உள்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். லோகநாதன் அன்று போரூர் முனைக்குப் போயிருந்தார். கைப்பேசியில் கடிகாரத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நின்றதும் ஒரு தட்டு, நகர்ந்ததும் ஒரு தட்டு. வண்டி எண்ணையோ ஆளையோ குறிக்கவில்லை, நின்ற நேரம் மட்டும். ஏழு. ஒன்பது. ஆறு. எட்டு. காலேஜ் பிள்ளைகள் பையை முதலில் எறிந்து பின்னால் தாங்களும் பாய்ந்தார்கள். குழந்தையோடு வந்த ஒருத்தி குழந்தையை உள்ளே யாரோ மடியில் கொடுத்துவிட்டு ஏறினாள். கடைசி ஆளின் கடைசிக் கால் எப்போதும் ஓடுகிற வண்டியில்தான் உள்ளே போனது. நாற்பது வண்டிகள் பார்ப்பதற்குள் மூன்று டீ, ஒரு பட்டர் பிஸ்கட், இரண்டு வாழைக்காய் பஜ்ஜி ஆகிவிட்டன. கடைக்காரர், "பாப்பாக்கு வண்டியே வரலியா?" என்று இரண்டு தடவை அனுதாபப்பட்டார்.

கூட்டி வகுத்தாள். எட்டு.

கமலத்துக்கு வேண்டியது இருபத்தொன்று. இடையில் பதின்மூன்று விநாடி. தாட்சாயிணி அந்த எண்ணைக் கையிலேயே எழுதிக்கொண்டாள். பிறகு, வெகு நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு ஆளைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவள் மாதிரி தனக்குள் சிரித்தாள். கடைக்காரர் இதையும் பார்த்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்துவிட்டாள். அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். லேத்தில் நூலிழை அளவு பார்க்கிற நடேசன் கேட்டுவிட்டு, "பதிமூணா, பதிமூணு புள்ளி எவ்ளோ?" என்றார். அவள் மறுபடி வகுத்தாள். சராசரி எட்டுக்கு மேல் கொஞ்சம் வந்தது. தலைப்பில் இருந்த பதின்மூன்றுக்கு முன்னால் 'ஏறத்தாழ' சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை போர்டில் மூன்று பேர்: துறைத் தலைவர், கோதண்டம் சார், ரேவதி மேடம். ரேவதி மேடம் வழிகாட்டி என்பதால் பேசக்கூடாது, மேஜை மேல் கை கட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கண்ணிலேயே இருந்தது. தாட்சாயிணிக்கு அதுவே தெம்பு.

அவள் பேசி முடித்ததும் துறைத் தலைவர் தாளைப் புரட்டினார்.

"சரிம்மா. இந்த ஆய்வுல உன் பேஷன்ட் யாரு?"

"டிரைவருங்க, சார்."

துறைத் தலைவர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"டிரைவருக்கு என்ன வியாதி?"

"அவசரம், சார்."

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையான பதிலைத்தான் சொன்னாள். ஆனால் துறைத் தலைவர் சிரித்துவிட்டார், ரேவதி மேடம் குனிந்துகொண்டார். கோதண்டம் சார் மட்டும் சிரிக்காமல் பேனாவைத் தட்டினார்.

"எத்தனை வண்டி?"

"நாற்பது, சார். காலைல இருபது, மத்தியானம் இருபது."

"வியாழக்கிழமை எட்டு விநாடி நின்னாங்கன்னு சொல்ற. புதன்கிழமை உன்னைப் பாத்ததும் சுமார் இருபது விநாடி நின்னாங்கன்னும் சொல்ற. நீ இருக்கேன்னு நடிச்சிருக்காங்க. அப்ப புதன்கிழமை எடுத்த டேட்டா பொய்தானே? அதைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?"

இந்தக் கேள்விக்கு அவள் தயார் செய்திருக்கவில்லை. ஊதுபத்தி ஏற்றிய வண்டி கண் முன்னால் வந்தது. கமலத்தின் முழங்கையைத் தாங்கி நின்ற மோகன் வந்தான்.

"தூக்கிப் போட வேணாம் சார்" என்றாள். "அதுதான் சார் எனக்கு முக்கியம். அவங்க ஆளு ஒருத்தர் அதட்டுனாரு, பயிற்சின்னு யாரும் தரல. ஆனாலும் எறங்கி வந்தாங்க, கையப் புடிச்சாங்க, உக்கார்ற வரைக்கும் நின்னாங்க. எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் நான் பாக்குறேன்னு செஞ்சாங்க. நான் இல்லாத நாளும் அதைச் செய்ய வைக்க முடியுமா, அதுக்கு எத்தனை நாள் பழக்கணும், ஒரு மாசம் கழிச்சும் நிக்குதா. இதான் சார் என் கேள்வி."

கோதண்டம் சார் பேனாவைத் தட்டுவதை நிறுத்தினார். தாளின் ஓரத்தில் என்னவோ எழுதினார். எழுதியதைத் தலைகீழாகப் படிக்க அவள் எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை.

"வண்டி எண்ணிக்கை பத்தாது. நூத்திருபது ஆக்கு" என்றார். "பழக்குறதுக்கு முன்னாடி அறுபது, பின்னாடி அறுபது. எத்திக்ஸ் கமிட்டிக்கு நான் ஒரு வரி எழுதித் தரேன்."

வெளியே வந்த பிறகுதான் அது ஒப்புதல் என்று அவளுக்கு உறைத்தது. பின்னாலேயே வந்த ரேவதி மேடம், "கட்டைவிரலுக்கு இப்ப நான் எங்க போய் ஆள் புடிப்பேன்?" என்று சலித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனார். தாட்சாயிணி படிக்கட்டில் நின்று முதலில் கமலத்துக்குத்தான் போன் செய்தாள். மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. "ஒரு கையால எவ்ளோ சத்தமா தட்ட முடியுமோ அவ்ளோ சத்தமா தொடையில தட்டிகினேன், கேட்டுச்சா?" என்றாள் கமலம்.

சனிக்கிழமை மத்தியானம், ஓட்டம் குறைந்த நேரத்தில், லோகநாதன் பத்தொன்பது டிரைவர்களைத் தூண் நிழலில் கூட்டியிருந்தார். கமிட்டி ஒப்புதல் வரும்வரை பழக்கக் கூடாது, எப்படிப் பழக்கலாம் என்று அவர்களையே கேட்டுத் திட்டம் போட மட்டும்தான் தாட்சாயிணி வந்தாள். பதின்மூன்று விநாடிக் கணக்கைச் சொன்னபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ்ளோதானா?" என்றான் மோகன். "சிக்னல்ல தொண்ணூறு நிக்கிறோம். நான் கூட ரெண்டு மூணு நிமிசம் கேப்பியோன்னு நெனச்சேன்."

"வாயால சொன்னா பத்தாதுடா. அவங்களுக்கு எப்டி இருக்குன்னு தெரியணும்" என்றார் லோகநாதன். "ஏம்மா, இடது பக்கம் வேலை செய்யாதவங்க மாதிரி என்னக் கட்டு. நான் ஏறிக் காட்டறேன்."

தாட்சாயிணி அவர் துண்டாலேயே அவர் இடது கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டினாள். இடது காலை மடக்கக் கூடாது என்றாள். யாரோ ஒரு குடையைக் கைத்தடியாகக் கொடுத்தார்கள். நேற்று வரை எல்லோரையும் விரட்டிய மனிதர் நொண்டிக்கொண்டு வண்டியை நோக்கிப் போக, பசங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"தலைவரே, நல்ல கால மொதல்ல வையி."

"பெரியவரே, சீக்கிரம் ஏறு, பின்னாடி வண்டி நிக்குது."

"மாமே, ஹாரன் அடிடா."

"அடிச்சே, நாளைக்கு உன் வண்டிக்கு லைன் கிடையாது" என்று கத்திக்கொண்டே லோகநாதன் வலது காலைப் படியில் வைத்தார். ஏறப் பிடிமானம் தேடி நிமிர்ந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஏறுகிறவரின் இடப்பக்கம், ஒரு கம்பி இருந்தது. அவர் இடது கை வயிற்றில் இருந்தது. வலது கையை அந்தப் பக்கம் கொண்டுபோனால் உடம்பு முறுக்கிக்கொண்டது. வலப்பக்கம் தடவினார். வழுக்குகிற தகரம்தான் இருந்தது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, குடை மணிக்கட்டில் என்று அப்படியே நின்றுவிட்டார்.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஏம்மா" என்றார் லோகநாதன், தலையைத் திருப்ப முடியாமல். "இருபது வருசம் இந்த வண்டிய ஓட்டிகினு இருந்தேன். கம்பி இந்த ஒரு பக்கந்தான் கீதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. இடது கை போனவங்க இன்னாத்தப் புடிப்பாங்க?"

தாட்சாயிணி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். படியை அளந்திருந்தாள், அகலத்தை அளந்திருந்தாள், நேரத்தை அளந்திருந்தாள். புதன்கிழமை கமலத்தின் முழங்கையை மோகன் தாங்கியதால் இது தெரியாமலே போய்விட்டது.

"அந்தாண்ட ஒரு கம்பி வெல்டு வச்சா?" என்றான் மோகன். "குமணன்சாவடியில எங்க மச்சான் பட்டறை வச்சுகினு கீறான். ஒரு டீ நேரத்துல வச்சுடுவான்."

"எவ்ளோ உசரத்துல வக்கிறது?"

"இந்தா, இவ்ளோ."

"நீ பனமரம் மாதிரி கீற, உனக்கு அவ்ளோ. கமலம்மாவுக்கு எட்டுமா?"

"தோளு உசரம் போதும் மச்சான்."

"யாரு தோளு?"

பத்தொன்பது பேரும் பத்தொன்பது உயரத்தில் கையைத் தூக்கிக் காட்டினார்கள். தாட்சாயிணி பேப்பரைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் 'கைப்பிடி' என்று தலைப்பிட்டாள்.

"டேய், மொதல்ல என்ன எறக்கி உடுங்கடா" என்றார் லோகநாதன், இன்னும் பாதி வண்டியிலும் பாதி ரோட்டிலுமாக. யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

"ஒரு நிமிசம்ண்ணா, அப்படியே அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தாட்சாயிணி டேப்பை விரித்து, ஆகாயத்தில் பிடிமானம் தேடிக்கொண்டிருந்த அவருடைய வலது கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க ஆரம்பித்தாள்.